அடங்காத மனமும் வராத உறக்கமும்

இரவு உணவு முடிந்து தொலைக்காட்சியின் முன்னே நாற்காலியில் சாய்ந்திருப்பவர் கண் சொக்கித் தலை தொங்கிப்போவதும், வீட்டார் தட்டி எழுப்பி உள்ளே போய்ப் படுக்கச் சொன்னதும் அதே மனிதர் விளக்கணைத்த அறையில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பதும் பல வீடுகளில் அன்றாடம் காணக்கூடியவை. ஐந்து நிமிடத்துக்குள் களைப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. உடலும் அதுவே, நேரமும் ஏறக்குறைய அதுவே. மாறியவை இரண்டுதான்: ஒன்று இடம், மற்றொன்று நோக்கம். நாற்காலியில் இருந்தவர் தூங்க வேண்டும் என்று நினைக்கவில்லை. படுக்கையில் இருப்பவர் தூங்கியாக வேண்டும் என்று நினைக்கிறார், நினைக்கத் தொடங்கியதும் மறுநாள் கட்ட வேண்டிய பணமும் பேச வேண்டிய பேச்சும் பத்தாண்டுக்கு முன்பு யாரோ சொன்ன சுடுசொல்லும் வரிசையாக வந்து நிற்கின்றன. அழையாத இடத்துக்கு வலிய வரும் உறக்கம் அழைக்கும் இடத்துக்கு வர மறுப்பது ஏன் என்ற கேள்வி எளிமையானதாகத் தோன்றினாலும், அதற்குரிய விடை மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில நரம்பணுக் கூட்டங்களிலிருந்து உளவியல் ஆய்வுக்கூடங்கள் வரை பரந்து கிடக்கிறது.

உறக்கம் எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பவை எவை என்பதற்கு இன்றும் பெரிதும் ஏற்கப்படும் விளக்கத்தை 1982-இல் சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். அவர் கருத்துப்படி இரண்டு ஓட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுகின்றன. முதலாவது உறக்க அழுத்தம். அதாவது விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடிக்கொண்டே போய், தூங்கும்போது மட்டுமே கரையும் தேவை. மூளையணுக்கள் ஆற்றலைச் செலவிடும்போது சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் இந்த அழுத்தத்தின் முக்கியமான அடையாளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது; காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் அடினோசின் சென்று அமர வேண்டிய ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால்தான் அவற்றைக் குடித்தவருக்குத் தூக்கம் தள்ளிப்போகிறது. காஃபினில் பாதி அளவு உடலைவிட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டாவது, உயிர்க்கடிகாரம், கண்ணுக்குள் நுழையும் ஒளியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொண்டு, ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றில் உடலின் வெப்பத்தையும் மெலடோனின் சுரப்பையும் ஏற்றி இறக்கும் சிறு நரம்பணுத் தொகுதி அது.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் உறக்கம் வராத நிலைதான் இங்கே புதிர். நாற்காலியில் கழிந்த ஐந்து நிமிடக் கோழித்தூக்கத்தில் பகல் முழுதும் சேர்ந்த அழுத்தம் பெரிதாகக் கரைந்துவிடாது. எனவே அழுத்தமும் கடிகாரமும் ஒருங்கே உறக்கத்தை நோக்கித் தள்ளும்போதும் அதை எதிர்த்து நிற்கக்கூடிய மூன்றாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

அப்படி ஒன்று இருப்பதற்கான முதற்சான்று ஒரு கொள்ளைநோயிலிருந்து கிடைத்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் மூளையழற்சி நோய் ஒன்று பரவியது. அதற்கு ஆளானவர்களுள் பலர் வாரக்கணக்கில் தூங்கினர், உணவு ஊட்டும்போதே கண் மூடினர். வியன்னா மருத்துவரான கான்ஸ்டன்டின் வான் எகனாமோ, வானூர்தி ஓட்டுவதிலும் பெயர் பெற்றவர், 1917-இல் இந்நோயை விவரித்து எழுதினார். அவர் கவனித்த மற்றொன்றுதான் இக்கட்டுரைக்கு முக்கியமானது: நோயாளிகளுள் சிறு தொகையினருக்கு நேர்மாறாகத் தூக்கமே பிடிக்கவில்லை. இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது, ஓயாது தூங்கியவர்களுக்கு ஹைப்போதலாமஸ் என்னும் பாதாம் பருப்பு அளவே உள்ள பகுதியின் பின்புறத்திலும் அதை ஒட்டிய நடுமூளையிலும், தூங்க முடியாதவர்களுக்கு அதன் முன்புறத்திலும் சிதைவு இருந்தது. அதுவரை உறக்கம் என்பது புலன்களுக்கு வரும் செய்திகள் குறைந்ததும் மூளை தானாக ஓய்ந்துபோகும் நிலை என்றே பலர் நம்பியிருந்தனர். ஆனால் பின்புறம் கெட்டால் விழிக்க முடியவில்லை, முன்புறம் கெட்டால் தூங்க முடியவில்லை என்றால், விழிப்பை உண்டாக்கவும் உறக்கத்தை உண்டாக்கவும் மூளைக்குள் தனித்தனி உறுப்புகள் வேலை செய்கின்றன என்றே பொருள்படும். நோய் சிதைத்த இடத்தை மட்டும் வைத்து அவர் கணித்த இந்த முடிவு பின்னர் வந்த ஆய்வுகளால் பெரிதும் உறுதியாயிற்று.

1949-இல் மொருஸ்ஸி, மகூன் என்னும் இருவர் மயக்க நிலையில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, மூளை முழுவதும் விழிப்புக்குரிய மின்னலைகள் பரவுவதைக் கண்டனர். அங்கிருந்தும் ஹைப்போதலாமசின் பின்புறத்திலிருந்தும் மேல்நோக்கிச் செல்லும் நரம்பணுக் கூட்டங்கள் நார்அட்ரினலின், செரட்டோனின், ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களைத் தூவி மூளையை விழிக்க வைக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்படும் பழைய வகை மாத்திரைகள் தூக்கத்தை வரவழைப்பது அவை மூளைக்குள் ஹிஸ்டமினின் வேலையைத் தடுப்பதால்தான். எதிர்த்தரப்பில், ஹைப்போதலாமசின் முன்புறத்தில் உறங்கும்போது மட்டும் சுறுசுறுப்படையும் நரம்பணுக்கள் இருப்பதை ஹார்வர்டைச் சேர்ந்த கிளிஃபோர்டு சேப்பரின் குழு 1996-இல் எலிகளிடம் கண்டறிந்தது. எகனாமோ சுட்டிய அதே இடம். இந்த அணுக்கள் விழிப்புக் கூட்டத்தை அடக்குகின்றன. விழிப்புக் கூட்டம் தன் பங்குக்கு இவற்றை அடக்குகிறது. ஒன்று ஓங்கினால் மற்றது தாழும் இந்த அமைப்பை இருநிலை விசை என்று சேப்பர் விவரித்தார். மின்விளக்கின் விசை பாதியில் நிற்காததைப் போல இதுவும் இடையில் நிற்க விரும்பாத அமைப்பு என்பதால், ஒருவர் பெரும்பாலான நேரம் முழு விழிப்பிலோ முழு உறக்கத்திலோ இருக்கிறார். 1998-இல் கண்டறியப்பட்ட ஓரெக்சின் என்னும் பொருள் இந்த விசையை விழிப்பின் பக்கம் பிடித்து வைக்கும் ஆப்பு. அதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்தவர்களுக்கு நினைத்திராத வேளையில் உறக்கம் வந்து தாக்கும் நார்கோலெப்சி என்னும் நோய் வருகிறது.

இந்த அமைப்பிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சிந்திக்கும் மூளைக்கு, அதாவது பெருமூளைப் புறணிக்கு, உறக்கத்தின் பக்கம் விசையைத் தள்ளும் நேரடிக் கைப்பிடி எதுவும் இல்லை. கையைத் தூக்கு என்றால் கை தூக்கப்படுவது போலத் தூங்கு என்றால் தூக்கம் நடப்பதில்லை. ஆனால் எதிர்த்திசையில் அதற்குச் செல்வாக்கு உண்டு: அச்சமூட்டும் நினைப்பு ஒன்று போதும், நார்அட்ரினலின் அணுக்கள் உசுப்பப்பட்டு இதயத் துடிப்பு ஏறி, விசை விழிப்பின் பக்கம் இறுகிவிடும். தீ, திருடன், பாம்பு இவற்றுக்கு நடுவே வாழ்ந்த உயிரினத்துக்கு இந்த ஒருதலையான ஏற்பாடு உயிர்காக்கும் உடைமையாக இருந்திருக்க வேண்டும். மறுநாள் வரப்போகும் தேர்வு முடிவையும் பாம்பையும் பிரித்தறிய அந்த அணுக்களுக்குத் தெரியாது என்பதே இதிலுள்ள சங்கடம்.

விசை மாறும் நொடிகளில் மூளைக்குள் நடப்பது என்ன என்பதை அறியப் பயன்படுவது மூளை மின்னலைப் பதிவு; தலைத்தோலில் ஒட்டிய மின்வாய்கள் மூலம் கோடிக்கணக்கான நரம்பணுக்களின் கூட்டுத் துடிப்பை வரைந்து காட்டும் முறை. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதரிடம் முதன்முதலாக இதைப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். கண்ணை மூடி ஓய்வாக விழித்திருப்பவரிடம் நொடிக்குப் பத்து முறை அளவில் எழும் ஆல்ஃபா அலையை அவர்தான் கண்டார். அந்த அலை தேய்ந்து மறைந்து, அதனினும் மெதுவான அலைகள் தோன்றும் கட்டம் கண் அயரும் கட்டம். இதுவரை சொன்னது தலைக்கு வெளியிலிருந்து பார்த்தது. உள்ளே நடப்பதை அறியப் பிரான்சில் ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. வலிப்பு நோயின் ஊற்றைக் கண்டுபிடிக்க மூளைக்குள் மின்வாய்கள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளின் உறக்கத்தைப் பதிவு செய்த ஆய்வாளர்கள், புலன்களின் செய்திகளைப் புறணிக்குக் கடத்தும் நுழைவாயிலான தலாமஸ், புறணிக்குப் பல நிமிடங்கள் முன்னதாகவே அடங்கிவிடுகிறது என்று 2010-இல் அறிவித்தனர். அதாவது வெளியுலகின் கதவு அடைபட்ட பின்னும் சிந்திக்கும் பகுதி சிறிது நேரம் தனியே இயங்கிக்கொண்டிருக்கிறது.

கண் அயரும்போது தோன்றும் விசித்திரங்களுக்கு இந்த இடைவெளி பொருத்தமான விளக்கமாகத் தெரிகிறது. யாரோ பெயர் சொல்லி அழைத்தது போன்ற ஒலி, படிக்கட்டில் கால் தவறியது போன்ற உணர்வு, கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நினைப்பு திடீரென்று ஒரு மாட்டுவண்டியாக மாறிப்போவது ஆகியவை புறச்செய்தியின் கடிவாளம் இல்லாமல் புறணி ஓடுவதன் அடையாளங்கள். நன்றாகத் தூங்குகிறவரின் மனமும் அந்நேரத்தில் வெறுமையாக இருப்பதில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அவருடைய எண்ணங்கள் ஓய்வதில்லை. தொடர்பு அறுந்து, சொற்களிலிருந்து படங்களுக்கு நழுவி, யாரும் ஓட்டாத வண்டியாகத் திரிகின்றன. ஆகவே தூங்குவதற்கு மனத்தைக் காலி செய்ய வேண்டும் என்னும் பரவலான அறிவுரை முதலடியிலேயே தவறான இலக்கை வைக்கிறது.

அது தவறு என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று பங்கேற்றவர்களிடம் சொல்லப்பட்டது. மணி ஓயவில்லை. இதை விளக்க அவர் வகுத்த கோட்பாட்டின்படி, ஓர் எண்ணத்தை விலக்க முனையும் மனம் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைத் தொடங்குகிறது: ஒன்று, வேறு எதையாவது தேடிப் பிடித்து நினைப்பது, இது முயன்று செய்வது, மற்றொன்று, விலக்கிய எண்ணம் மீண்டும் நுழைந்துவிட்டதா என்று கண்காணிப்பது, இது தானாக நடப்பது. களைப்பு மிகும்போது முயன்று செய்யும் வேலை தளர்ந்துவிடுகிறது, தானாக நடக்கும் கண்காணிப்பு தளர்வதில்லை. கண்காணிப்பாளர் எதைத் தேடுகிறாரோ அதையே கண்முன் வைத்துக்கொண்டு தேட வேண்டியிருப்பதால் விலக்க விரும்பியதே மேலெழுகிறது. இரவு 11 மணிக்குக் களைத்துப் படுத்திருப்பவர் எண்ணங்களை அடக்க முயல்வது, இந்தப் பொறி மிக மோசமாக வேலை செய்யும் வேளையைத் தேடிப்பிடித்து அதை முடுக்கிவிடுவதாகும்.

வெக்னரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் இதை உறக்கத்திலேயே சோதித்தனர். சிலரிடம் இயன்ற விரைவில் தூங்கிவிடுங்கள் என்றும், சிலரிடம் விரும்பும்போது தூங்குங்கள் என்றும் சொல்லி, ஒரு பகுதியினருக்கு இராணுவ அணிவகுப்பு இசையும் மறு பகுதியினருக்கு அமைதியான இசையும் ஒலிக்கவிடப்பட்டன. மனத்தைச் சுமைப்படுத்தும் அணிவகுப்பு இசையைக் கேட்டவர்களுள், விரைந்து தூங்கப் பணிக்கப்பட்டவர்களுக்கே தூக்கம் வர அதிக நேரம் ஆயிற்று. அமைதியான சூழலில் அதே பணிப்பு கெடுதல் செய்யவில்லை. இந்த இரண்டாவது பாதி முக்கியமானது. தூங்க விரும்புவதே குற்றம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, மனம் வேறு சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது முயற்சி தலைகீழாகிறது என்றுதான் சொல்கிறது. இட்லிப் பானையின் மூடியை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து வெந்துவிட்டதா என்று பார்ப்பவருக்கு ஆவி போய் வேகும் நேரம் நீளுவதைப் போல, உறக்கம் வந்ததா என்ற சோதிப்பே உறக்கத்துக்குத் தேவையான தளர்வைக் கலைக்கிறது. கடிகாரத்தை அடிக்கடி பார்க்கும்படி பணிக்கப்பட்டவர்கள் அதிகம் கவலைப்பட்டதையும் அவர்களுக்குத் தூக்கம் தாமதமானதையும் பின்னர் நடந்த மற்றொரு சோதனை காட்டியது. சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி மாட்டுவது செலவில்லாத மருத்துவம். கைபேசி தலைமாட்டில் இருக்கும்வரை அதனால் பயன் இல்லை என்பது வேறு.

அடக்கக் கூடாது என்றால், வந்து நிற்கும் எண்ணங்களை என்னதான் செய்வது? இங்கே எண்ணங்களின் வகையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் பெரும்பகுதி முடிக்காத வேலைகளைப் பற்றியது. குறுக்கிட்டு நிறுத்தப்பட்ட வேலை முடித்த வேலையைவிட நன்றாக நினைவில் தங்குகிறது என்று 1927-இல் பெர்லினில் புளூமா ஜைகார்னிக் வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. ஆனால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எப்போதும் அதே விடை கிடைக்கவில்லை என்பதால் அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப இயலாது. அதைக் காட்டிலும் உறுதியாகத் தோன்றுவது 2011-இல் மசிகாம்போ, பாமைஸ்டர் ஆகியோர் கண்டது: நிறைவேறாத இலக்கு ஒன்று மனத்தில் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பினும், எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டம் வகுத்துவிட்டால், வேலை முடியாத நிலையிலேயே அந்தக் குறுக்கீடு தணிகிறது. மனம் கேட்பது வேலை முடிந்ததற்கான சான்றை அன்று, அது மறக்கப்படாது என்பதற்கான உறுதியை.

இதை உறக்கத்தோடு இணைத்தது அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு. நலமுடைய 57 இளைஞர்கள் ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவு தங்கினர். படுக்கும் முன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றையும், மீதிப் பேர் அண்மையில் செய்து முடித்தவற்றையும் எழுதினர். உறக்கம் எப்போது தொடங்கியது என்பது அவர்கள் சொல்லைக் கொண்டு கணிக்கப்படாமல் மூளை மின்னலைப் பதிவைக் கொண்டு கணிக்கப்பட்டது. செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினர். அவர்களுள்ளும் பட்டியலை விரிவாகவும் குறிப்பாகவும் எழுதியவர்கள் இன்னும் விரைவாகத் தூங்கினர். 'வங்கி வேலை' என்று எழுதுவதும், 'செவ்வாய் காலை 11 மணிக்கு அடையாள அட்டையின் நகலோடு போய் நகைக்கடனுக்கு வட்டி கட்டுவது' என்று எழுதுவதும் ஒன்றாகா என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. முதலாவது கவலையின் பெயர், இரண்டாவதுதான் திட்டம். பங்கேற்றவர்கள் தூக்கக் கோளாறு இல்லாத இளையவர்கள் என்பதையும், ஓர் இரவின் கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலுக்குள் அடங்காத கவலைகளும் உண்டு. நோய்வாய்ப்பட்ட தாயைப் பற்றிய கவலைக்குச் செவ்வாய் காலை 11 மணி என்று குறித்து ஒதுக்க முடியாது. இத்தகையவற்றுக்கு, எண்ணத்தை விரட்டாமல் அது உட்காரும் இடத்தை வேறொன்றால் நிரப்புவது என்னும் வழியை ஆக்ஸ்ஃபோர்டில் அலிசன் ஹார்வியும் சூசனா பெய்னும் 2002-இல் சோதித்தனர். தூக்கமின்மை உடைய 41 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர்: ஒரு பிரிவினர் இனிமையும் அமைதியும் ஈர்ப்பும் உடைய ஒரு காட்சியை விரிவாக மனக்கண்ணில் காண வேண்டும், இரண்டாம் பிரிவினர் கவலையைவிட்டு வேறு எதையாவது நினைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லப்பட்டது, மூன்றாம் பிரிவினருக்கு எந்த அறிவுரையும் இல்லை. காட்சியைக் கண்டவர்கள் விரைவில் தூங்கியதாகவும், படுக்கையில் வந்த எண்ணங்கள் தொல்லை குறைந்தவையாக இருந்ததாகவும் மறுநாள் தெரிவித்தனர். வேறு எதையாவது நினை என்ற பொத்தாம் பொதுவான அறிவுரையால் தூக்கம் விரைந்து வரவில்லை. தூக்கம் வர எடுத்த நேரம் இங்கே அவர்கள் சொன்ன மதிப்பீடு மட்டுமே என்றாலும், இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது பலருக்கு ஏன் உதவுவதில்லை என்பதும் இதனால் விளங்குகிறது. எண்ணுவது மிக எளிய வேலை, அதற்குப் பக்கத்திலேயே கவலையும் தாராளமாக அமர இடம் இருக்கிறது. ஒரு காட்சியை அதன் நிறம், மணம், ஒலி, காற்றின் குளிர்ச்சி எல்லாவற்றோடும் கட்டியெழுப்புவதோ மனத்தின் பணிமேடை முழுவதையும் கேட்கும் வேலை. கவலை பெரும்பாலும் சொல்லாக ஓடுவது, கண் அயர்கையில் எண்ணம் படமாக மாறுவது என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காட்சிப்படுத்தல் உறக்கம் போகும் திசையிலேயே மனத்தை நகர்த்துகிறது என்று கருத இடமுண்டு.

இதே கருத்தின்மேல் கனடாவைச் சேர்ந்த லுக் போதுவான் என்ற ஆய்வாளர் எண்ணக் கலைப்பு என்று சொல்லத்தக்க ஓர் உத்தியை முன்வைத்தார். உணர்ச்சியைத் தூண்டாத ஒரு சொல்லை எடுத்து, அதன் ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சில நொடி மனக்கண்ணில் பார்த்துவிட்டு நகர வேண்டும் என்பதே அது. தமிழில் செய்பவர் 'பாதை' என்ற சொல்லை எடுத்தால், முதல் எழுத்துக்குப் பாக்குவெட்டி, பாய்மரம், பாகற்கொடி என்றும், அடுத்ததற்குத் தையல் இயந்திரம், தைலப்புட்டி என்றும் தொடர்பற்ற படங்கள் வரும். (டகரத்திலோ னகரத்திலோ தமிழ்ச் சொற்கள் தொடங்குவதில்லை என்பதால் 'படகு', 'வானம்' என்று எடுத்தவர் நள்ளிரவில் இலக்கணச் சிக்கலில் மாட்டிக்கொள்வார்.) படங்களுக்குள் கதை உருவாகாமல் இருப்பதுதான் இதன் சூட்சுமம், கதை உருவானால் அதற்கு முடிவும், முடிவுக்கு ஒரு கவலையும் வந்துவிடும். உத்தி நயமானது, தீங்கற்றது. அதன் பயனுக்கான சான்று, இணையத்தில் அதற்குக் கிடைத்திருக்கும் புகழைவிட மெலிந்தது.

மனத்தை விட்டு உடல் வழியாக அணுகும் முறைகளும் உண்டு. சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட படிப்படித் தளர்வு, ஒவ்வொரு தசைத் தொகுதியாக இறுக்கி விடுவித்து, இறுக்கம் என்பது என்ன என்பதையே உடலுக்குக் கற்பிப்பது. பாதங்களின் கதையோ இன்னும் சுவையானது. உறக்கம் வர உடலின் உள்வெப்பம் இறங்க வேண்டும். அந்த வெப்பம் வெளியேறும் வழிகளுள் முதன்மையானவை கைகளும் பாதங்களும். அங்குள்ள நாளங்கள் விரிந்து பாதம் கதகதப்பாக இருப்பவருக்கு உறக்கம் விரைந்து வருகிறது என்று ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் காட்டினர். கவலை இதே நாளங்களைச் சுருக்குகிறது. பரபரப்பில் கைகால் சில்லிட்டுப்போவதை அறிந்தவர்களுக்கு, மனக் கலக்கம் வெப்பத்தின் வழியாகவும் உறக்கத்தைத் தடுப்பது வியப்பளிக்காது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளிப்பதன் பயனும் இதே வழியில் வருகிறது: தோல் சூடேறுவதால் நாளங்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறுகிறது.

உயிர்க்கடிகாரத்தை ஒளி திருத்துவது உண்மை என்றாலும், கைபேசித் திரையின் நீல ஒளிதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்பது மிகைப்படுத்தப்பட்ட கூற்று. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஹார்வர்டு சோதனையிலேயே, மாலைதோறும் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்னூல் படித்தவர்களுக்குத் தூக்கம் வர அச்சு நூல் படித்தவர்களைவிட ஏறத்தாழ 10 நிமிடம்தான் கூடுதலாக ஆயிற்று. திரையின் ஒளியைக் காட்டிலும் அதில் வந்து விழும் அலுவலகச் செய்தியே விழிப்பு விசையை இறுக்குவதில் வல்லது என்று கருதலாம்.

இனி நாற்காலிக்கும் படுக்கைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வரலாம். மணியோசையையும் உணவையும் இணைத்துப் பழகிய நாய்க்கு மணியோசையே எச்சிலை ஊறவைக்கும் என்பது பாவ்லவ் காலத்திலிருந்து அறிந்தது. பல இரவுகள் படுக்கையில் புரண்டு புரண்டு கவலைப்பட்டவருக்குப் படுக்கை, தலையணை, விளக்கணையும் ஓசை எல்லாம் அந்த மணியாகிவிடுகின்றன. அவை உசுப்புவது பசியை அன்று, விழிப்பை. நாற்காலியோ அப்படி எந்தப் பாடத்தையும் கற்பிக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு பூட்சின் 1972-இல் இந்தக் கருத்திலிருந்து தூண்டல் கட்டுப்பாடு என்னும் முறையை உருவாக்கினார்: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்க வேண்டும், படுக்கையில் படிப்பதோ கணக்குப் பார்ப்பதோ கூடாது, சிறிது நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்ப வேண்டும், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும், பகலில் தூங்கக் கூடாது. கேட்பதற்குத் தண்டனையைப் போல இருக்கும் இந்த விதிகள், படுக்கைக்கும் விழிப்புக்கும் ஏற்பட்ட இணைப்பை நாள்பட அறுக்கின்றன.

நீடித்த தூக்கமின்மை களைப்புக் குறைவால் வருவதன்று, மிகைவிழிப்பால் வருவது என்பதற்குப் பகல் தூக்கச் சோதனை நல்ல சான்று. இருண்ட அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கவைத்து எவ்வளவு விரைவில் தூங்குகிறார் என்று பார்க்கும் இச்சோதனையில், இரவுத் தூக்கத்தை வலிந்து குறைத்துக்கொண்ட நலமுடையவர் சில நிமிடங்களில் தூங்கிவிடுவார். இரவு சரியாகத் தூங்காத தூக்கமின்மைக்காரரோ, சோர்ந்து போயிருந்தும், அப்படி விரைந்து தூங்குவதில்லை. விழிப்பு விசை அவரிடம் பகலிலும் இறுகியே இருக்கிறது.

மேற்சொன்ன தூண்டல் கட்டுப்பாடு, படுக்கை நேரத்தைக் குறைத்து உறக்க அழுத்தத்தைக் கூட்டுதல், தளர்வுப் பயிற்சி, உறக்கம் பற்றிய அச்சங்களைத் திருத்துதல் ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்ததே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னதாக இதையே முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. வாரத்தில் பல இரவுகள் என்று மாதக்கணக்கில் நீளும் தூக்கமின்மைக்கு வீட்டு உத்திகளோடு நின்றுவிடாமல் மருத்துவரை நாடுவது முறை; குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருதல், மனச்சோர்வு, தைராய்டுக் கோளாறு போன்றவையும் அதன் பின்னால் இருக்கக்கூடும். ஓரெக்சினைத் தடுக்கும் புதிய வகை மருந்துகளுள் முதலாவதான சுவோரெக்சன்ட் 2014-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பழைய மாத்திரைகள் மூளை முழுவதையும் மந்தமாக்குபவை என்றால், இது விசையைப் பிடித்திருக்கும் ஆப்பை மட்டும் தளர்த்துகிறது.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் சில வேளைகளில் சேர்க்கப்படும் ஒரு கூறு, விக்டர் ஃபிராங்க்ல் என்னும் வியன்னா மருத்துவரின் எதிர்நோக்க உத்தி. தூக்கம் வராதவரைப் படுக்கையில் கண்ணைத் திறந்தபடி விழித்திருக்க முயலுமாறு சொல்வதே அது. கைபேசி பார்க்கவோ எழுந்து நடக்கவோ கூடாது. தூங்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே. தூங்க வேண்டும் என்ற முயற்சி நீங்கிவிடுவதால் அது நிறைவேறாத அச்சமும் நீங்குகிறது, படுக்கையில் இருப்பவர் நாற்காலியில் இருந்தவரின் நிலைக்கு வருகிறார்.

தூக்கமின்மையால் வருந்துவோரைப் பற்றிய ஆய்வுகளில் இன்னும் தீராத ஒரு சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் மின்னலைப் பதிவு உறக்கம் என்று காட்டும் வேளையில் எழுப்பிக் கேட்டால், அவர்களுள் கணிசமானோர் தாம் விழித்தே இருந்ததாகவும் எதையோ யோசித்துக்கொண்டிருந்ததாகவும் சொல்கின்றனர். இரவு முழுதும் கண் மூடவில்லை என்பவரின் பதிவில் பல மணி நேர உறக்கம் காணப்படுவதும் உண்டு. இதை நெடுநாள் தவறான உணர்வு என்றே மருத்துவர்கள் ஒதுக்கினர். ஆனால் 2004-இல் எரிக் நோஃப்சிங்கர் குழுவினர் மூளையின் சர்க்கரைப் பயன்பாட்டைப் படமெடுத்துப் பார்த்தபோது, தூக்கமின்மை உடையவர்களிடம் விழிப்பைக் காக்கும் பகுதிகள் உறங்கும்போதும் மற்றவர்களிடம் அடங்கும் அளவுக்கு அடங்கவில்லை என்று தெரிந்தது. தலைத்தோலில் ஒட்டிய சில மின்வாய்கள் மூளை முழுவதற்கும் சேர்த்து உறக்கம் என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதும்போது, அதன் ஒரு பகுதி உறங்காமல் இருந்திருக்கலாம் என்பதால், இரவெல்லாம் யோசித்துக்கொண்டே கிடந்தேன் என்று காலையில் சொல்பவரின் வாக்குமூலத்தையும் பதிவுத்தாளோடு சேர்த்து வைத்துப் படிக்கும் வழக்கம் இப்போது ஏற்பட்டிருக்கிறது.